கதலிக்குள் கிடந்த மட்டி ஓடு

எங்கள் வாழைகளில் சிவப்புப் பெயின்ற் பூசியவர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பாடசாலை விட்டு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கதலிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் தண்டிலும் ஒரு பெரிய பெருக்கல் குறி. பிழையான கணக்குக்கு ரீச்சர் போடுவாரே, அதைப் போல.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஓட்டோவைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஓட்டோவின் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டி, ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

"ஊர் மக்களின் கவனத்துக்கு. திருமதி அஜந்தா ஜெயந்தனின் வளவில் உள்ள கதலி வாழைகளில் வைரசு நோய் இருப்பது பரிசோதனையில் உறுதியாகி உள்ளது. அங்கிருந்து எவரும் வாழைக்குட்டி எடுக்க வேண்டாம். அந்த வாழைகள் அடுத்த வாரச் சனிக்கிழமை வெட்டி எரிக்கப்படும்."

எங்கள் அம்மாவின் பெயர் ஒலிபெருக்கியில் வந்தது அதுதான் முதல் தடவை. அம்மா வீட்டுத்தோட்டப் போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறார். கோயிலுக்கு எத்தனையோ குலை கொடுத்திருக்கிறார். அப்போதெல்லாம் ஒருவரும் ஓட்டோ பிடிக்கவில்லை.

என் பெயர் விதுர்ஷா. தரம் ஆறில் படிக்கிறேன். செங்கலடிச் சந்தியிலிருந்து வாவிப் பக்கமாக வந்தால் எங்கள் ஊர். அப்பா வாவியில் மீன் பிடிக்கிறார். அம்மாவுக்கு வீட்டுக்குப் பின்னால் உள்ள வாழைத் தோட்டம்தான் எல்லாம். காலையில் எழும்பியதும் முதலில் வாழைகளைப் பார்த்துவிட்டுத்தான் எங்களைப் பார்ப்பார்.

எங்கள் ஊரில் வாழைக்குட்டியை விற்கிற வழக்கம் இல்லை. ஒருவர் கேட்டு வந்தால் மண்ணோடு கிண்டிக் கொடுக்க வேண்டும். வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. அம்மாவிடம் கேட்டு வராதவர்கள் ஊரில் குறைவு. எந்த வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாலும் அங்கே நிற்கிற கதலி எங்கள் கதலியின் பிள்ளை. இல்லாவிட்டால் பேரப்பிள்ளை.

இந்த வருடம் நோயில்லாத வாழை வளர்க்கும் திட்டம் ஒன்று ஊருக்கு வந்தது. அதன் பெயர் மிகவும் நீளம். பலகையில் மூன்று வரி எடுத்தது. உதயரூபன் சேர்தான் அதன் உத்தியோகத்தர். சில வாரங்களுக்கு முன்னர் அவர் வந்து அம்மாவின் கதலியில் இலைத் துண்டுகள் வெட்டிக்கொண்டு போனார். அம்மா அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். அந்த இளநீரை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது.

அன்றைக்கு நான் புத்தகப் பையைக்கூடக் கழற்றவில்லை. படலையடியில் உதயரூபன் சேர் அப்பாவோடு பேசிக்கொண்டு நின்றார். நேரே போய் அவர் முன்னால் நின்றேன்.

"சேர், நோய் வந்தா இலையில மஞ்சள் கோடு கோடா வரும் எண்டு உங்கட போஸ்டரில போட்டிரிக்குத்தானே?"

"ஓம் தங்கச்சி."

"எங்கட இலையில கோடு எங்க?"

சேர் சிரித்தார். பெரியவர்கள் பதில் தெரியாதபோது சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு இல்லை. பதில் தெரிந்தவரின் சிரிப்பு. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம்.

"வெளியில தெரியாது. உள்ளுக்க இரிக்கு. பி.சி.ஆர் செஞ்சு பாத்தாச்சு. மெசின் பொய் சொல்லாது."

கொரோனா நேரத்தில் மூக்குக்குள் குச்சி விட்டுப் பார்த்தார்களே, அதே பி.சி.ஆர். வாழைக்கு மூக்கு இல்லாதபடியால் இலையை வெட்டியிருக்கிறார்கள்.

"வேற ஆர்ட வாழையெல்லாம் பாத்தீங்க சேர்?"

"வேற ஆர்டயும் பாக்கல்ல. உங்கட அம்மாதானே ஊருக்கெல்லாம் குட்டி குடுக்கிற. அதால இதை மட்டும் பாத்தம்."

"ஒரு ஆளை மட்டும் நிப்பாட்டி வெச்சு, வகுப்பில இவர்தான் கட்டை எண்டு சொல்லேலுமா சேர்?"

சேரின் சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது. அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். "சேரோட வாதாடாத புள்ள. அவர் படிச்ச மனிசன்."

எங்கள் அப்பா சண்டைக்குப் போகாதவர். வலையில் பாம்பு விழுந்தால்கூட, "சரி போ" என்று சொல்லித் தண்ணீரில் விடுவார்.

வீட்டுக்குள் போனேன். அம்மா இறால் கோது கழற்றிக்கொண்டிருந்தார். கோது கழற்றிய இறாலையே திரும்பவும் கழற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாளிலிருந்து ஊர் மாறிவிட்டது.

பக்கத்து வளவுச் சீதேவி மாமி வேலியில் நின்றுகொண்டு, எங்களுக்குக் கேட்கும்படியாகப் பால்காரரிடம் சொன்னார். "ஊருக்கெல்லாம் குட்டி குடுக்கிறன் எண்டு நோயைக் குடுத்திரிக்கா. ஆர் கண்டது?"

மாமியின் கிணற்றடியில் நிற்கிற கதலி எங்கள் வீட்டுக் குட்டிதான். அம்மா கிண்டிய நாளில் நானும் கூட நின்றேன்.

"மாமி, உங்கட கதலியும் எங்கட வீட்டிலதானே எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"எங்கட வாழை செங்கலடிச் சந்தையில வாங்கினது," என்றார் மாமி. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

மாமி மட்டும் இல்லை. ஊரில் எல்லாருடைய கதலியும் ஒரே நாளில் செங்கலடிச் சந்தையில் வாங்கியதாகிவிட்டது. அத்தனை வாழைக்குட்டியும் விற்ற அந்தச் சந்தைக்காரர் யாரென்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

அதையும் பொறுத்தோம். பின்னேரம் வினாயகமூர்த்தி மாமா வந்தார். அவர் எங்கள் அம்மன் கோயிலின் வண்ணக்கர். கோயில் பொறுப்பாளரை எங்கள் பக்கத்தில் வண்ணக்கர் என்றுதான் சொல்வோம். வைகாசியில் அம்மனுக்குச் சடங்கு நடக்கும். அப்போது அம்மன் முன்னால் மடை வைப்பார்கள். வெற்றிலை, பாக்கு, பழமெல்லாம் படைப்பதுதான் மடை. அதற்குக் கதலிக்குலை ஒவ்வொரு முறையும் எங்கள் வளவிலிருந்துதான் போகும். அம்மா அதற்கென்றே ஒரு வாழையைப் பார்த்துப் பார்த்து வளர்ப்பார்.

வண்ணக்கர் மாமா உள்ளே வரவில்லை. படலையடியில் நின்றே சொன்னார்.

"அஜந்தா, இந்த முறை மடைக்கு நாங்க வேற இடத்தில குலை பாக்கிறம். குறை நினைக்காத. நோய்ப்பட்டத அம்மனுக்கு வைக்கேலாதுதானே."

"சரி அண்ண," என்றார் அம்மா.

அவர் போனதும் அம்மா தோட்டத்துக்குப் போனார். மடைக்கென்று வளர்த்த வாழையின் கீழே உட்கார்ந்தார். அழுதாரோ தெரியாது. முகத்தைக் காட்டவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. அழுகை என்றா சொன்னேன்? கோபம். எனக்குக் கோபம் வந்தால் கண்ணில்தான் முதலில் தெரியும்.

அழுதால் சனிக்கிழமை வராமல் இருக்கப் போவதில்லை. ஆகவே இருந்து யோசித்தேன்.

எங்கள் கதலிக்கு நோய் என்றால், எங்களிடமிருந்து போன எல்லாக் கதலிக்கும் நோய் இருக்க வேண்டும். அப்படியென்றால் மஞ்சள் கோடு ஒரு வீட்டிலாவது வந்திருக்க வேண்டும். ஒரு வீட்டிலும் இல்லை. மெசின் பொய் சொல்லாது என்று சேர் சொல்கிறார். சரி, சொல்லாமல் இருக்கட்டும். ஆனால் அந்த மெசினிடம் ஒரு வாழையைப் பற்றி மட்டும்தானே கேட்டிருக்கிறார்கள்? அதற்கு "இல்லை" என்று சொல்லத் தெரியுமா என்று யாருக்குத் தெரியும்?

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தாவரவியல் படிப்பிக்கிற சுலக்ஷனா மிஸ் எங்கள் பாடசாலை விஞ்ஞான தினத்துக்கு வந்திருந்தார். வெங்காயத் தோலை நுணுக்குக்காட்டியில் காட்டினார். போகும்போது போன் இலக்கத்தைக் கரும்பலகையில் எழுதி, "கேள்வி வந்தா கோல் எடுங்க பிள்ளைகள்" என்றார். ஒரு பிள்ளையும் எடுக்கவில்லை. எல்லாருக்கும் வெட்கம். நான் அம்மாவின் போனில் பதிந்து வைத்திருந்தேன். அன்றைக்கு எடுத்தேன்.

நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். மிஸ் நடுவில் குறுக்கிடவில்லை.

"இலை கொண்டு வா விதுர்ஷா," என்றார் கடைசியில். "உங்கட வீட்டு இலை மட்டும் போதாது. வேற இடத்துக் கதலியும் வேணும். கதலி இல்லாத வேற இன வாழை ஒண்டும் வேணும்."

எங்கள் இலை கையிலேயே இருந்தது. பாடசாலைத் தோட்டத்தில் ஒரு கதலியும் ஒரு செவ்வாழையும் நின்றன. அதிபரிடம் கேட்டேன், தந்தார். ஆனால் பாடசாலைக் கதலியும் எங்கள் குட்டிதான். எங்கள் வளவோடு சம்பந்தமே இல்லாத ஒரு கதலிக்கு எங்கே போவது?

உதயரூபன் சேரின் ஞாபகம் வந்தது. அவருடைய சொந்த ஊர் கதிரவெளி. அங்கிருந்து கொண்டுவந்த கதலி செங்கலடியில் உள்ள தன் வீட்டில் நிற்கிறது என்று திட்டத்தின் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லியிருந்தார். பாடசாலை விட்டதும் திட்டத்தின் அலுவலகத்துக்குப் போனேன்.

"சேர், உங்கட வீட்டுக் கதலியில ஒரு துண்டு இலை தருவீங்களா?"

"என்னத்துக்கு?"

"வளாகத்தில சுலக்ஷனா மிஸ் பி.சி.ஆர் செஞ்சு பாக்கப் போறா. நோய் இல்லாத கதலி எப்படி இரிக்கும் எண்டு பாக்க வேணுமாம்."

சேருக்கு அது பிடித்துவிட்டது. "அதுக்கென்ன, தாராளமா எடு. என்ட வாழை சுத்தமான வாழை," என்று அடுத்த நாள் தானே வெட்டிக்கொண்டு வந்து தந்தார். ஒரு துண்டு கேட்டேன், அரை இலை தந்தார்.

நான் வீட்டுக்கு வந்தபோது வேலியில் ஒரு சத்தம் கேட்டது. சீதேவி மாமி. நான் போனில் பேசியது வேலி தாண்டிக் கேட்டிருக்க வேண்டும்; ஒரு வாழையிலைத் துண்டை வேலிக்கு மேலால் நீட்டிக்கொண்டு நின்றார்.

"புள்ள, இதையும் சேத்துப் பாக்கச் சொல்லு. ஆனா என்ட பேரைப் போட்டுராத."

"சந்தையில வாங்கின வாழைதானே மாமி. என்னத்துக்குப் பயம்?"

மாமி இலையை என் கையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ஆனால் அவர் சொன்னதில் ஒரு நல்ல யோசனை இருந்தது. யாருடைய பெயரையும் போடாவிட்டால், யாருடைய இலை என்று தெரியாமலே பார்க்கலாம். அப்போதுதான் ஞாயம். பைகளில் பூ, மீன், வள்ளம், நண்டு, குடை என்று படம் மட்டும் கீறினேன். எங்களுக்கு நண்டு.

அப்பா என்னை மோட்டார்சைக்கிளில் வளாகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழி முழுக்க, "மிஸ்ஸோட வாதாடாத" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பி.சி.ஆர் மெசின் பெரிதாக இருக்கும் என்று நினைத்தேன். சோறு ஆக்கும் குக்கர் அளவுதான் இருந்தது. இப்படி ஒரு சின்னப் பெட்டியா எங்கள் அம்மாவை வாழைக்குக் கீழே உட்கார வைத்தது என்று பார்த்தேன். மிஸ் இலைகளை அரைத்தார், வடித்தார், சின்னச் சின்னக் குழாய்களில் விட்டார். முடிவு வர நேரம் எடுக்கும் என்று எங்களை அனுப்பிவிட்டார். வியாழக்கிழமை பின்னேரம் திரும்பவும் போனோம்.

மிஸ் ஒரு படத்தைக் காட்டினார். கறுப்பு நிறத்தில் வெளிச்சக் கோடுகள்.

"வைரசிட தடயம் இருந்தா இப்படிக் கோடு வரும். பாருங்க, பூவுக்குக் கோடு இரிக்கு. மீனுக்கு இரிக்கு. வள்ளத்துக்கு இரிக்கு. நண்டுக்கும் இரிக்கு. குடைக்கு மட்டும் இல்ல. இப்ப சொல்லு, ஆர் ஆர்?"

"நண்டு நாங்க. பூ பாடசாலை. மீன் சீதேவி மாமி. வள்ளம் உதயரூபன் சேர்ட வீடு. குடை செவ்வாழை."

அப்பா இருமினார். "சேர்ட வாழைக்குமா?"

"ஓம். கதிரவெளியில இருந்து வந்த வாழைக்கும்," என்றார் மிஸ். "நோய் எண்டா அங்க ஒண்டு, இங்க ஒண்டுதான் பிடிக்கும். எந்த ஊர்க் கதலி எண்டாலும் ஒரே கோடு வருது, செவ்வாழைக்கு வரல்ல எண்டா, அது வெளியில இருந்து தொத்தினதா இரிக்கேலாது. கதலியோடயே பிறந்ததா இரிக்க வேணும்."

பிறகு மிஸ் ஒரு கதை போலச் சொன்னார். மனிதர்கள் தோட்டம் செய்யத் தொடங்குவதற்கும் மிக முன்னர், ஒரு காட்டு வாழைக்குள் ஒரு வைரசு புகுந்திருக்கிறது. அந்த வைரசின் ஒரு துண்டு வாழையின் டி.என்.ஏ-க்குள்ளேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. டி.என்.ஏ என்பது ஓர் உயிர் எப்படி வளர வேண்டும் என்று அதற்குள் எழுதியிருக்கும் எழுத்து. வாழை குட்டி போட்டபோது அந்தத் துண்டும் குட்டிக்குப் போனது. குட்டியின் குட்டிக்கும் போனது. அந்தக் காட்டு வாழையின் வழியில் வந்ததுதான் கதலி. செவ்வாழை வேறொரு காட்டு வாழையின் வழியில் வந்தது. அதனால்தான் அதற்குள் அந்தத் துண்டு இல்லை.

எனக்கு எங்கள் கிணறு ஞாபகம் வந்தது.

"மிஸ், எங்கட வளவில கிணறு தோண்டக்குள்ள நல்ல ஆழத்தில மட்டி ஓடு வந்தது. ஒரு காலத்தில வாவி அதுவரைக்கும் இருந்திரிக்கும் எண்டு அப்பா சொன்னார். அது போலயா?"

"அதே போலதான் விதுர்ஷா."

"அப்ப ஓட்டைக் கண்டுபோட்டு, இந்த வளவுக்குள்ள உயிர் மட்டி இரிக்கு, வளவை எரியுங்க எண்டு ஒராள் சொன்னா, அது ஞாயமா?"

மிஸ் நான் சொன்னதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். "ஞாயம் இல்லத்தான். நான் படிப்பிக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லப் போறன்."

எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஆனால் மிஸ் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா அவசரப்படாத. சில வாழையில அந்தப் பழைய துண்டு முழிச்சுக்கொள்ளுறதும் உண்டு. அப்ப உண்மையாவே நோய் வரும். உங்கட வாழையில அது நித்திரையா, முழிச்சிரிக்கா எண்டு இந்தப் பி.சி.ஆரால சொல்லேலாது."

அப்படியென்றால் சேர் சொன்னது சரியாகவும் இருக்கலாமே. எனக்கு அந்த எண்ணமே பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்டேன்.

"உயிர் மட்டி இரிக்கா எண்டு பாக்கத் தண்ணிக்குள்ள கை விட்டுத் தேட வேணும். இதுக்கு எங்க தேடுற மிஸ்?"

"சாற்றுக்குள்ள. உயிர்ப்பான வைரசுக்கு மேலால ஒரு உறை இரிக்கும். அந்த உறையோடதான் அது சாற்றில திரியும். டி.என்.ஏ-க்குள்ள நித்திரை கொள்ளுற துண்டுக்கு உறை இல்ல. உறையை மட்டும் பிடிக்கிற மருந்து ஒண்டு எங்களிட்ட இரிக்கு. இண்டைக்கே தொடங்கிறன்."

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பாடசாலையில் ரீச்சர் என்ன படிப்பித்தார் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து போனை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்கு அம்மா கத்தி?"

"வேற ஆக்கள் வந்து கண்டபடி வெட்டுறதுக்கு விடமாட்டன். வெட்டத்தான் வேணும் எண்டா நானே வெட்டுறன்."

அதைக் கேட்டபோது எனக்குள் எரிந்த கோபத்தில் ஒரு பானை சோறு ஆக்கியிருக்கலாம்.

இருட்டுப்படும் நேரம் போன் அடித்தது. சாறு சுத்தம் என்றார் மிஸ். ஒரு வாழையிலும் உறையுள்ள வைரசு இல்லை. உதயரூபன் சேருக்கும் தானே எல்லாவற்றையும் விளங்கப்படுத்திவிட்டதாகச் சொன்னார்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். என்னை இழுத்து உச்சியில் முத்தமிட்டார். கையெல்லாம் கத்தி தீட்டிய கறுப்பு. எனக்கும் பூசுப்பட்டது.

சனிக்கிழமை விடிந்ததும் உதயரூபன் சேர் வந்தார். ஓட்டோ இல்லை. ஒலிபெருக்கி இல்லை. கூட ஒருவரும் இல்லை. சைக்கிளில் வந்து, படலையைச் சத்தம் போடாமல் திறந்து, மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, வாழை ஒண்டும் வெட்டத் தேவையில்ல. ஒரு சின்னத் தவறு நடந்து போச்சு. மறுகா ஆறுதலாக் கதைப்பம்."

அப்பா, "சரி சேர், பரவாயில்ல" என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்கு முன் நான் முந்திக்கொண்டேன்.

"சேர், எங்கட அம்மாட பேரை எங்க வெச்சுச் சொன்னீங்க?"

"அது வந்து தங்கச்சி..."

"ஒலிபெருக்கியில சொன்னீங்க. ஊர் முழுக்கச் சொன்னீங்க. இப்ப எங்கட முற்றத்தில வந்து காதுக்குள்ள சொல்லுறீங்க."

"பிழை நடந்தது எங்களுக்குள்ள இரிக்கட்டுமே. எல்லாருக்கும் தெரிஞ்சா திட்டத்துக்குத்தானே மரியாதைக் குறைவு."

"எங்கட அம்மாட மரியாதை?"

சேர் அம்மாவைப் பார்த்தார். பிள்ளையை அடக்குங்கள் என்ற பார்வை. எங்கள் அம்மா பெரியவர்களை எதிர்த்துப் பேசினால் வாயில் அடிக்கிறவர். நான் அடியை எதிர்பார்த்துத்தான் நின்றேன்.

"புள்ள கேக்கிறது சரிதானே சேர்," என்றார் அம்மா. "பெரிய சத்தமாச் சொன்னதைச் சின்னச் சத்தமா மாத்தேலாது."

சேர் தலையைச் சொறிந்தார். "இண்டைக்கு ஓட்டோக்காரன் வரல்ல அக்கா."

அப்போதுதான் எங்கள் அப்பா, வாழ்நாளில் யாரோடும் வாதாடாத அப்பா, சறத்தை மடித்துக் கட்டினார். "ஓட்டோவுக்கு யோசிக்காதங்க சேர். நான் கொண்டு வாறன்."

ஓட்டோ வரும் வரைக்கும் சேரைச் சும்மா இருக்க விடவில்லை. கதலித் தண்டின் மேல் பட்டையை, அதுதான் தடலை, உரித்தால் பெயின்ற்றும் கழன்று வந்துவிடும். நான் முன்னரே உரித்திருப்பேன். ஆனால் பூசியவர்தான் உரிக்க வேண்டும் என்று விட்டு வைத்திருந்தேன். சேர் ஒவ்வொரு வாழையாக உரித்தார். நான் காட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றேன். ஒன்றையும் தவறவிடவில்லை.

கூரையில் ஒலிபெருக்கியோடு ஓட்டோ வந்தது. சேர் முன்னால் ஏறினார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். ஒலிவாங்கியைக் கையில் வைத்துக்கொண்டு சேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன சொல்லுற?"

"நடந்ததச் சொல்லுங்க சேர்."

சேர் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார். சொல்லத் தொடங்கியதும் நன்றாகவே சொன்னார். அதை மறைக்கக் கூடாது.

"ஊர் மக்களின் கவனத்துக்கு. திருமதி அஜந்தா ஜெயந்தனின் கதலியில் எந்த நோயும் இல்லை. எல்லாக் கதலி வாழைக்குள்ளும் மிகப் பழைய காலத்து வைரசின் தடயம் ஒன்று இருக்கிறது. அதை நோய் என்று நாங்கள் பிழையாக எடுத்துவிட்டோம். அந்தத் தடயம் என்னுடைய வீட்டுக் கதலியிலும் இருக்கிறது. அஜந்தா அக்காவிடம் மன்னிப்புக் கேட்கிறோம்."

சீதேவி மாமியின் வீட்டடியில் ஓட்டோவை மெதுவாக விடச் சொன்னேன். மாமி முன்னரே வேலியில் நின்றார்.

"எனக்கு அப்பவே தெரியும்கா," என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அஜந்தாட வாழையில என்ன நோய் வரப்போகுது? என்ட வாழையும் அதில எடுத்ததுதானே."

சந்தையில் வாங்கிய வாழை அப்படித்தான் திரும்பவும் எங்கள் வாழையானது.

அடுத்த நாள் காலையில் வினாயகமூர்த்தி மாமா வந்தார். குளித்து, திருநீறு பூசி, பால் போன்ற வெள்ளை வேட்டி உடுத்து, தோளில் வெள்ளைச் சால்வை போட்டிருந்தார். இந்த முறை படலையடியில் நிற்கவில்லை. முற்றம் வரைக்கும் வந்தார்.

"அஜந்தா, மடைக்குக் குலை..." என்று தொடங்கினார். வேலியைப் பார்த்தார்.

"குலை இரிக்கு அண்ண," என்றார் அம்மா. "வெட்டித் தாறன். ஆனா நீங்கதான் தோளில வெச்சுக்கொண்டு போகணும்."

"பின்னேரம் ஓட்டோ ஒண்டு அனுப்புறனே."

"ஓட்டோ வேணாம். ரோட்டால நடந்து போங்க. ஆர் வீட்டுக் குலை எண்டு கேட்டா, எங்கட வீட்டுக் குலை எண்டு சொல்லுங்க."

வண்ணக்கர் மாமா அம்மாவோடு தோட்டத்துக்குள் போனார். குனிந்து தோளைக் கொடுத்தார்.

அம்மா மடைக்கென்று வளர்த்த வாழையிலிருந்து, தீட்டிய கத்தியால் ஒரே வெட்டில் குலையை எடுத்து அவருடைய தோளில் வைத்தார். வெட்டிய காம்பிலிருந்து கயர் சொட்டத் தொடங்கியது. வாழைக்கயர் வெள்ளைத் துணியில் பட்டால் அந்தக் கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. அதனால் அம்மா எப்போதும் குலையைக் கொஞ்ச நேரம் சாய்த்து வைத்து, கயர் வடிந்த பிறகுதான் யாருக்கும் தூக்கிக் கொடுப்பார்.

அன்றைக்கு அம்மா சாய்த்து வைக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.